ஊறுகாய்க்கு இடம் இருந்தது, கதைக்கு இல்லை!

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கும் முன் ஒரு கதை படித்தாக வேண்டும். பெரியவன் ஆதிக்கு ஒன்பது வயது, சின்னவள் மீனுவுக்கு நாலரை. காய்ச்சலானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, கதை இல்லாமல் மீனு கண்ணை மூட மாட்டாள். "ஒண்ணே ஒண்ணும்மா" என்று ஆரம்பித்து மூன்றில் போய் முடியும். பழக்கத்தை உண்டாக்கியதே நான்தான். அலுத்துக்கொண்டு என்ன பயன்?

2024 மே விடுமுறையில் கப்பலில் போகலாம் என்றார் இவர். ரொம்ப நாள் ஆசை. சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடியும் சிங்கப்பூர். ஐந்து இரவுகள். என் மாமியாரும் கூட வந்தார். நாகப்பட்டினத்துக்காரர். வயது எழுபத்து நாலு.

பெங்களூரில் கிளம்பும் அன்று பெட்டியை நிறுத்துப் பார்த்தால் இரண்டு கிலோ கூடுதல்! இவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எதை எடுப்பது? அத்தைக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைத்திருந்தேன். பக்கத்தில் குழந்தைகளின் கதைப் புத்தகப் பை. 'கப்பலில் நூலகம் இருக்கிறதாமே, அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்து, அந்தப் பையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். பெட்டி லேசாகிவிட்டது. என் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

கப்பலைப் பற்றி என்ன சொல்ல! அடுக்கடுக்காக மாடி, நீச்சல் குளம், வேளை தவறாமல் விருந்து. ஏறியதும் எல்லோரையும் கூட்டி, ஆபத்துக் காலத்தில் என்ன செய்வதென்று ஒத்திகை காட்டினார்கள். ஏழு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினால், குறிப்பிட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்.

ராத்திரி வந்தது. எங்கள் அறை ஜன்னல் இல்லாத உள் அறை. விளக்கை அணைத்தால் கையை நீட்டினால் கை தெரியாது. புது இடம், மெல்லிய ஆட்டம், எங்கோ இயந்திரத்தின் உறுமல். மீனு அழ ஆரம்பித்தாள். "கதை படிம்மா!"

நூலகத்துக்கு ஓடினேன். ஒரு மூலையில் இரண்டு அலமாரி. தலையணை கனத்தில் ஆங்கில நாவல்கள், யாரோ விட்டுப்போன ஜெர்மன் புத்தகங்கள், சதுரங்கப் பலகை. குழந்தைகளுக்கென்று ஒன்றுகூட இல்லை. கைப்பேசியில் ஏதாவது கிடைக்குமா என்றால், நடுக்கடலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம். வாங்கினாலும், படுக்கையில் பளிச்சென்ற திரையைக் காட்டினால் வருகிற தூக்கமும் போய்விடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை மூடிவிடுங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது எனக்குத் தெரியாததா?

அறையில் இருந்த ஒரே அச்சுக் காகிதம் மறுநாள் நிகழ்ச்சி நிரல். தினமும் மாலை அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். வேறு வழி? அதையே படித்தேன். "காலை ஏழு மணிக்கு எல்லோரும் இட்லி சாப்பிடப் போனார்களாம்..." மீனு எழுந்து உட்கார்ந்து, "இது கதை இல்லே. நீ ஏமாத்தறே" என்றாள். பன்னிரண்டரை மணிக்குத்தான் தூங்கினாள், விசும்பிக்கொண்டே.

"நீங்க ஒரு கதை சொல்லுங்களேன், அத்தை" என்று கேட்டுப் பார்த்திருந்தேன். "எனக்கு என்னம்மா கதை தெரியும்? சமையலும் சாமி கும்பிடறதும்தான் தெரியும்" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் ஒரு யானை எங்களைக் காப்பாற்றியது. அறையைச் சுத்தம் செய்யும் பையன், குளியல் துண்டை மடித்து யானை பண்ணிக் கட்டிலில் உட்கார்த்தி வைத்திருந்தான். அதற்குத் 'துண்டு ராஜா' என்று பேர் வைத்து, கப்பலில் அது சங்கு ஊதப் போன கதையைக் கட்டிவிட்டேன். எட்டாவது தடவை ஊத மறந்துவிட்டதாம், அதனால் யாருமே வரவில்லையாம். மீனு சிரித்துக்கொண்டே தூங்கினாள். ஆதி மட்டும், "இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க கதை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் பினாங்கு. துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில். அத்தை கும்பிடப் போக, நான் கதைப் புத்தகம் தேடிப் போனேன். பூஜை சாமானும் பத்திரிகையும் விற்கும் ஒரு சின்னக் கடை. பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறுகதைப் புத்தகம், மெல்லியது, படம் போட்டது, தமிழில் இருந்தது. "ஆறு வெள்ளிம்மா" என்றார் கடைக்கார அம்மாள். அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் நம்மவர்கள் சொல்கிறார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. "இந்தக் கதை நல்லாருக்கும் ஆன்ட்டி" என்று பிரித்து, தடங்காமல் ஒரு பக்கம் படித்துக் காட்டினாள். தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் ஆண்டாம். அவள் கொள்ளுத் தாத்தா காலத்திலேயே கடல் தாண்டி வந்த குடும்பம். பிறகு ஆதியிடம் நீட்டி, "அண்ணா, நீங்க படிங்க" என்றாள்.

ஆதி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பெங்களூரில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. வீட்டில் தமிழ் பேச்சோடு சரி. ஒன்பது வருஷமாக ராத்திரி தவறாமல் கதை படித்தேன் என்று பெருமைப்பட்டேனே, அந்தப் பையில் இருந்த அத்தனையும் ஆங்கிலப் புத்தகங்கள்! மலேசியாவில் 1816-இல் பினாங்கில் ஒரு பள்ளியில் ஆரம்பித்த தமிழ் வகுப்பின் இருநூறாவது ஆண்டை 2016-இல் கொண்டாடியிருக்கிறார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, பக்கத்து மாநிலத்தில் வாழும் என் பிள்ளை கைவிரித்து நின்றான். யாரைக் குறை சொல்ல? நேரம் இல்லை என்றேன் இத்தனை நாளும். கதைக்கு நேரம் இருந்ததே!

மாலை கப்பல் வடக்கே கிளம்பியது. வலப்பக்கம் கெடா மாநிலம். தூரத்தில் ஜெராய் மலை தெரிந்தது. 1,217 மீட்டர். அந்தக் காலத்து மாலுமிகளுக்குக் கரை அடையாளமே அதுதான். "கடாரம் கொண்டான் ராஜேந்திர சோழன்னு பாட்டி ஊர்ப்பக்கம் சொல்வாங்களே, அந்தக் கடாரம் இதுதான்டா. 1025-இல் நம்ம கப்பல்கள் இங்கே வந்திருக்கு" என்றேன். ஆதியின் கண் விரிந்தது.

அன்று இரவு அவனே புத்தகத்தை எடுத்தான். நான் ஒவ்வொரு எழுத்தாகக் காட்ட, கூட்டிக் கூட்டி, "க...ட...ல்" என்றான். "கடல்!" என்று மீனு கை தட்டினாள். அரைப் பக்கம்கூடத் தாண்டவில்லை, கப்பல் ஆட ஆரம்பித்தது. மலாக்கா ஜலசந்தியில் சுமத்ராத் தீவு ஒரு பக்கம் மறைத்துக்கொள்வதால் அலை குறைவு. அந்தமான் கடலில் மே மாதம் அப்படி இல்லை. ஆதிக்குக் குமட்டல். ஆடும் கப்பலில் புத்தகத்தைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டத்தான் செய்யும். புத்தகத்தை மூடி, படுக்க வைத்தேன். மீனுவுக்கு உதடு பிதுங்கியது.

இருட்டில் அத்தையின் குரல். "எங்க பெரியப்பா இதே கடல்லதான் பினாங்குக்குப் போனாரு. ராஜுலான்னு ஒரு கப்பல். நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. நடுக்கடல்ல நிக்கும். படகுல போய் ஏறணும். எனக்குப் பன்னண்டு வயசு. பெரியம்மா மணல்ல நின்னுகிட்டு, கப்பல் புள்ளியா மறையற வரைக்கும் கையைக் கீழே போடவே இல்லை..."

மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தது, தகரப் பெட்டி, திரும்பி வந்தபோது பெரியப்பா கொண்டுவந்த பிஸ்கட் டின் என்று கதை போய்க்கொண்டே இருந்தது. இவர்கூட மூச்சு விடாமல் கேட்டார். "இதெல்லாம் நீ எங்ககிட்ட சொன்னதே இல்லையேம்மா?" என்றார். "நீங்க யாரு கேட்டீங்க?" என்றார் அத்தை.

வலிக்கத்தான் செய்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். ஊறுகாய் பிடிக்குமா என்று கேட்டேன், மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

பயணம் கிளம்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தெரிந்த கதைப் புத்தகம் ஒன்று, புதியது ஒன்று, மெல்லியதாகக் கைப்பையிலேயே வையுங்கள். புது இடத்தில் பழைய கதை குழந்தைக்குத் தைரியம் தரும். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் போட்டிருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கிளம்பும் முன்பே இறக்கி, நீங்கள் படித்து வைத்துக்கொண்டு, ராத்திரி வாயால் சொல்லுங்கள். கடல் ஆடும்போது படிக்க வேண்டாம், கண்ணை மூடிக் கேட்கட்டும். கூட ஒரு பெரியவர் இருந்தால், "உங்க சின்ன வயசுல..." என்று ஆரம்பித்துக் கொடுங்கள், போதும்.

இப்போது எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு கதை. முதலில் ஆதி தமிழில் ஒரு பக்கம் படிப்பான். தடுக்கித் தடுக்கித்தான், ஆனால் படிக்கிறான். அப்புறம் அத்தையின் ராஜுலா. பெரியப்பா இன்னும் பினாங்கிலிருந்து திரும்பவில்லை!

அடுத்த பயணத்தில் பெட்டி கனத்தால் ஊறுகாயைத்தான் வெளியே எடுப்பேன். அத்தையிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.