மோசர் பேரும் சேலம் ஏரியாவும்

மோசர் பேர் இந்தியா நிறுவனத்தை 1983இல் டெல்லியில் தொடங்கியவர் தீபக் புரி. வேலைக்கு வருவோரின் நேரம் பதியும் கருவிதான் அதன் முதல் சரக்கு. 1988இல் ஃபிளாப்பிக்கும் 1999இல் வெற்று சிடிக்கும் மாறியது. வெற்றுத் தட்டை உலகெங்கும் விற்றுவந்த அந்த ஆலை, 2006இல் படம் ஏற்றிய தட்டையும் விற்பது என்று முடிவெடுத்தது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்.

இந்த விலையின் அருமை, முந்தைய நிலையோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். 1980களில் சேலம், நாமக்கல் பக்கம் வீட்டில் படம் பார்ப்பதென்றால் டிவியையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று கேசட்டை விடிய விடிய ஓட்டுவார்கள். தெருவே வாசலில் கூடும். 1984இல் தமிழக அரசு வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டு, கேசட்டின் மேல் உரிமையாளரின் பெயரும் முகவரியும் கட்டாயமாயின. அடுத்து வந்த விசிடி 74 நிமிடமே கொள்ளும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று தட்டுகள் வேண்டும். ஆனால் நகலெடுப்பது மிக எளிது. அசல் டிவிடி சில நூறு ரூபாய்க்கு விற்ற காலத்தில், பேருந்து நிலையத்துக் கடையில் திருட்டு விசிடி சில பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. 2004இல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகும் அந்த விற்பனை நிற்கவில்லை.

மோசர் பேர் அந்த விலையோடுதான் மோதியது. சொந்த ஆலை இருந்ததால் தட்டு அச்சடிக்கும் செலவு சொற்பம். படங்களின் வீடியோ உரிமையை ஆயிரக்கணக்கில், மொத்தமாக வாங்கியது. கேசட் கடையோடு நிற்காமல் மளிகைக் கடை வரை தட்டைக் கொண்டுபோக முயன்றது. உரிமத் தொகை லட்சக்கணக்கான தட்டுகளில் பரவினால்தான் 34 ரூபாய் கட்டுப்படியாகும். விற்காத சரக்கு திரும்பி வந்தால் லாபம் அதோடு போய்விடும். சோப்பும் தேயிலையும் மாதந்தோறும் தீரும். படத்தட்டு அப்படித் தீருவதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு படம் ஒரு தட்டு போதும்.

பழைய படங்களில் இந்தக் கணக்கு பலித்தது என்றே சொல்ல வேண்டும். 1930களில் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேல் படங்கள் எடுத்தது; தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. அத்தகைய படத்துக்குத் திரையரங்குப் போட்டி இல்லை. இன்று வாங்கினாலும் அடுத்த ஆண்டு வாங்கினாலும் ஒன்றுதான். அங்கே வேலை உரிமைப் பத்திரத்தில் இருந்தது. தயாரித்த நிறுவனம் மூடியிருக்கும். நெகட்டிவ் உரிமை கைமாறியிருக்கும். பழைய ஒப்பந்தம் கேசட்டை மட்டும் சொல்லும், தட்டைச் சொல்லாது. இந்த முடிச்சுகளை அவிழ்த்து நல்ல பிரதி தேடுவதே வீடியோ விநியோகத்தில் மதிக்கத்தக்க பகுதி.

புதுப்படத்தில் விலை உதவவில்லை. தேதிதான் தடையாக நின்றது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்த ‘சேலம் ஏரியா’வின் விநியோக உரிமையை வாங்கியவர், போட்ட பணத்தைத் திரையரங்கில்தான் எடுத்தாக வேண்டும். அசல் தட்டு சீக்கிரம் வருவதை அவர் எப்படி ஏற்பார்? தொலைக்காட்சி உரிமைக்குக் கிடைத்த தொகை வீடியோ உரிமையைவிடப் பல மடங்கு என்பதால், தயாரிப்பாளரும் தொலைக்காட்சியின் விருப்பத்துக்கே முதலிடம் தந்தார். திருட்டுத் தட்டு முதல் வாரமே வந்தது. 34 ரூபாய் அசல், ஆர்வம் அடங்கிய பிறகு வந்தது. படத்தின் தொடக்கத்திலேயே பங்கு வைத்தால் உரிமை கையில் இருக்கும் என்பதாலோ என்னவோ, மோசர் பேர் தயாரிப்பிலும் இறங்கியது. ‘வெள்ளித்திரை’, ‘பூ’, ‘அபியும் நானும்’ ஆகிய மூன்றும் 2008இல் வந்தன. நல்ல படங்கள்தான், ஆனால் தேதிச் சிக்கல் அவற்றாலும் தீரவில்லை.

அந்தச் சிக்கலை நேராகத் தொட்டவர் இயக்குநர் சேரன். 2015 மார்ச்சில் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தைத் தமது சி2எச் திட்டத்தின் வழியே, ஊர்தோறும் முகவர்களை வைத்து, 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்கு அனுப்பினார். துணிவான, நியாயமான முயற்சி. ஆனால் படங்கள் தொடர்ந்து வந்தால்தான் முகவர் நிலைப்பார், அது நடக்கவில்லை. அதற்குள் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் படம் ஏற்றும் வழக்கம் பரவி, தட்டே தேவையற்றதாகிக்கொண்டிருந்தது. சூரிய மின்தகட்டுத் தொழிலிலும் கடன் ஏறிய மோசர் பேர் மீது 2017இல் திவால் நடவடிக்கை தொடங்கியது. 2018 செப்டம்பரில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது.