தன் மரண வீட்டில் வாசிக்கத் தானே சொல்லி வைத்த ஒரு தாய்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

இன்று நான் எழுதப் போவது ஓர் அமெரிக்கத் தாயைப் பற்றி. அவர் நம் மார்க்கத்தவர் இல்லை, நம் மொழிக்காரரும் இல்லை. மௌத்தாகி நூறு வருடங்களுக்கு மேலாகிறது. வகுப்பில் அமெரிக்காவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடப்போய்த்தான் அவரை அறிந்துகொண்டேன். அதன் பிறகு அவரை விட்டு மனது நகரவில்லை.

பெயர் ஜேன் எலிசபெத் மன்னிங் ஜேம்ஸ். 1820களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். அடிமையாகப் பிறந்தவர் அல்ல. ஆனாலும் சிறு பிள்ளையாக இருக்கும்போதே வெள்ளைக்காரர் வீடொன்றில் வேலைக்குப் போய்விட்டார். இளம் வயதிலேயே ஒரு மகனுக்குத் தாயானார். அவன் பெயர் சில்வெஸ்டர். அந்தப் பிள்ளையின் தகப்பன் யார் என்பதை அவர் ஊருக்குச் சொல்லவே இல்லை.

அந்தக் காலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் 1830இல் தொடங்கிய ஒரு புதிய கிறிஸ்தவ சபை பரவிக்கொண்டிருந்தது. மோர்மன் என்று உலகம் அழைப்பது அவர்களைத்தான். அவர்களின் நம்பிக்கை வேறு, நம் அகீதா வேறு. அது இந்தப் பதிவின் விடயம் இல்லை. ஜேன் அந்தச் சபையில் சேர்ந்தார், தன் வீட்டாரையும் சேர்த்தார். 1843இல் தாய், சகோதர சகோதரிகள், சின்ன மகன் எல்லோருமாகச் சபையார் குடியிருந்த இலினோய் மாநிலத்து நோவூ நகரத்துக்குப் புறப்பட்டார்கள்.

பஃபலோ வரைக்கும் படகில் வந்தார்கள். அதற்கு மேல் கறுப்பர்களை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது? நடந்தார்கள். ஏறத்தாழ 800 மைல். கணக்குப் பார்த்தால் சுமார் 1,290 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரைக்கும் நம் முழு நாட்டையும் மூன்று தடவை நடப்பதற்குச் சமம்.

சப்பாத்து தேய்ந்து போனது. கால் வெடித்து இரத்தம் வந்தது, நடந்த இடமெல்லாம் அந்தக் கறை படிந்தது. வழியில் நின்று இறைவனிடம் கேட்டோம், கால்கள் ஆறின என்று அவர் பிறகு சொல்லியிருக்கிறார். திறந்த வெளியில் பனி கொட்டப் படுத்தார்கள். ஓரிடத்தில் அதிகாரிகள் மறித்து, "நீங்கள் அடிமைகள் இல்லை என்பதற்குக் கடதாசி எங்கே?" என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்தே அடிமையாக இராதவர்களிடம் எந்தக் கடதாசி இருக்கும்? எத்தனையோ வருடம் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நமக்கு அந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

நோவூவுக்கு வந்து சேர்ந்த பிறகு மற்ற எல்லோருக்கும் ஒவ்வோர் இடம் கிடைத்தது. ஜேனுக்கு மட்டும் போக்கிடம் இல்லை. உடுப்புப் பெட்டியும் தொலைந்து போயிருந்தது. அழுதுகொண்டிருந்தவரை ஜோசப் ஸ்மித்தும் மனைவி எம்மாவும் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். உடுப்புக் கழுவுவதும் வீட்டு வேலையும் அவருடைய பொறுப்பு. ஒருநாள் எம்மா, "எங்களுடைய பிள்ளையாக எங்கள் குடும்பத்தோடு உன்னைச் சேர்த்துக்கொள்ளவா?" என்று கேட்டார். அதன் அர்த்தம் அப்போது ஜேனுக்கு விளங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1844இல் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டார். சபையார் மேற்குப் பக்கமாக ஊர் பெயர்ந்தார்கள். ஐசக் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை மணமுடித்திருந்த ஜேனும் அவர்களோடு புறப்பட்டார். வழியில் இன்னொரு மகன் பிறந்தான். 1847 செப்டம்பரில் இன்றைய யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

புது மண்ணில் முதல் வருடங்கள் பஞ்சம். 1849இல் எலைசா லைமன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கணவர் தூரப் பயணம் போய்விட்டார். வீட்டில் மா இல்லை. ஜேன் 2 றாத்தல் மா கொடுத்தார். அவரிடம் இருந்ததில் அது சரி பாதி. எலைசா தன் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்கு இது தெரியும். கொடுத்தவர் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் உம்மும்மாவை நினைத்தேன். பன்பாய் இழைத்து ஆறு பிள்ளைகளை வளர்த்தவ. கொத்து அரிசி இருந்தால் அரைக் கொத்து பக்கத்து வளவுக்குப் போய்விடும். "ஹயாத்தோட இருந்தா நாளைக்கு நாளைக்குள்ளது வரும் மகள்" என்பா. அவ மௌத்தானபோது பள்ளி ஒலிபெருக்கியில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று அறிவித்தார்கள். ஊருக்கு அடையாளம் தெரிய அப்படித்தான் சொல்ல வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அரைக் கொத்து அரிசி எந்த அறிவித்தலிலும் வரவில்லை.

ஜேனுக்கு வருவோம். பாடுபட்டு நிலம், மாடு, குதிரை, ஆடு என்று ஓரளவு நிமிர்ந்தார்கள். 1870 அளவில் ஐசக் வீட்டை விட்டுப் போனார், மணம் முறிந்தது. அதைத் தொடர்ந்து வளர்ந்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மரணித்தார்கள். எட்டுப் பிள்ளைகளில் ஜேனுக்குப் பின் உயிரோடு இருந்தது இரண்டு பேர்தான். பேரப்பிள்ளைகளிலும் சிலரை அவர் கண் முன்னாலேயே அடக்கம் செய்தார்கள். இருபது வருடம் கழித்து ஐசக் திரும்பி வந்தார். 1891இல் அவர் இறந்தபோது மரண வீடு நடந்தது ஜேனின் வீட்டில். விட்டுப் போன மனிசனுக்கும் அந்தக் கதவு சாத்தப்படவில்லை.

இனித்தான் கதையின் கடினமான பகுதி.

மோர்மன்களிடம் சாதாரண வணக்க மண்டபம் வேறு, ஆலயம் வேறு. ஆலயத்துக்குள் நடக்கும் சில சடங்குகளால்தான் கணவன், மனைவி, பிள்ளைகள் மறுமையிலும் பிரியாமல் ஒரே குடும்பமாக இருப்பார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. பிள்ளைகளை வரிசையாக மண்ணுக்குள் வைத்த ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் 1852இல் அப்போதைய தலைவர் பிரிகாம் யங், ஆபிரிக்க வம்சத்தவருக்குக் குருத்துவம் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்திருந்தார். அந்தத் தடையின் கீழ் கறுப்பின ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகள் மறுக்கப்பட்டன. இறந்துபோன உறவினருக்காக ஞானஸ்நானம் பெற மட்டும் ஜேனை விட்டார்கள். அதற்கு மேலே கதவு பூட்டு.

அவர் கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போகவில்லை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. கேட்டார். 1884 டிசம்பரில் சபைத் தலைவர் ஜோன் டெய்லருக்குக் கடிதம் அனுப்பினார். இப்ராஹீம் நபியின் சந்ததியால் பூமியின் எல்லா இனங்களும் ஆசி பெறும் என்று வாக்களிக்கப்பட்டிருக்கிறதே, அப்படியென்றால் எனக்கு ஒரு ஆசியும் இல்லையா என்பது அதன் சாரம். தன்னைப் பிள்ளையாகச் சேர்க்க எம்மா கேட்டதையும் நினைவுபடுத்தினார். பதில் சாதகமாக வரவில்லை. 1890இல் திரும்பக் கேட்டார். பிறகும் கேட்டார்.

1894 மே மாதம் ஒரு முடிவு செய்தார்கள். ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்தோடு ஜேனை நித்தியத்துக்கும் சேர்ப்பது, ஆனால் பிள்ளையாக அல்ல, பணியாளாக. அந்தச் சடங்குக்கும் அவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றார். மகளாக ஆக்குங்கள் என்று கேட்டவரை வேலைக்காரியாக ஆக்கினார்கள், அதுவும் மறுமைக்கும் சேர்த்து.

ஜேனுக்கு மனம் ஆறவில்லை. அடுத்த வருடமே மறுபடியும் கேட்டார். 80 வயது தாண்டும் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அதே காலத்தில் ஆலயங்கள் கட்டக் காசும் கொடுத்தார், பெண்கள் சங்கத்திலும் வேலை செய்தார். சோல்ட் லேக்கின் பெரிய மண்டபத்தில் அவருக்கும் அவருடைய சகோதரருக்கும் முன்பக்கத்தில் தனி இருக்கை ஒதுக்கியிருந்தார்கள். கவனித்தீர்களா? மண்டபத்தில் முன்வரிசை, ஆலயத்தில் பூட்டிய கதவு. மரியாதை கொடுப்பது ஒன்று, உரிமை கொடுப்பது வேறொன்று. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதை ஜேனின் வாழ்க்கையைப் போல எனக்கு வேறெதுவும் காட்டவில்லை.

பார்வை மங்கிய வயதில் அவர் தன் வாழ்க்கையை வாயால் சொல்ல, எலிசபெத் ரவுண்டி என்ற பெண் எழுதினார். தன் மரண வீட்டில் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லி வைத்தது அது. 1908 ஏப்ரல் 16இல் ஜேன் இறந்தார். அடக்க ஆராதனையில் சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித்தே வந்து பேசினார். உயிரோடு இருக்கும்போது கேட்டது கிடைக்கவில்லை. 1978இல்தான் அந்தச் சபை இனத் தடையை நீக்கியது. அடுத்த வருடம், இறந்து 71 வருடங்களுக்குப் பிறகு, ஜேனின் பெயரால் அந்தச் சடங்குகளைச் செய்தார்கள்.

ஏன் இதை நம் ஊருக்கு எழுதுகிறேன்? இரண்டு காரணம்.

ஒன்று, எந்தச் சமூகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். கந்தூரிக்கு விடிய விடிய வெங்காயம் உரிப்பா, மையத்து வீட்டில் முதல் ஆளாக நிற்பா, பள்ளி கட்டக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுப்பா. ஒரு விடயத்தைத் தீர்மானிக்கும்போது மட்டும் அவவை ஒருவரும் கேட்க மாட்டோம். அவ ஏதாவது கேட்டால் "இந்த வயதில் இவவுக்கு என்ன" என்போம். ஜேனுக்குப் பதில் சொன்னவர்களும் கெட்ட மனிதர்களாகத் தங்களை நினைத்திருக்க மாட்டார்கள். வழக்கம் இதுதான் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு, ஜேனை நாம் அறிந்தது அவர் சொன்னதாலும் ஒருவர் எழுதியதாலும்தான். வரும் விடுமுறைக்கு என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டிலுள்ள உம்மும்மாவிடமோ வாப்பும்மாவிடமோ போய் உட்கார்ந்து, அவ சொல்வதை அவவின் வார்த்தையிலேயே இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும். எந்த ஊரில் பிறந்தா, எதைச் சமைத்துப் பிள்ளைகளை வளர்த்தா, எதைக் கேட்டுக் கிடைக்காமல் போனது. கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பெற்றோர்களே, பிள்ளை கொப்பியோடு வந்து உட்கார்ந்தால் விரட்ட வேண்டாம். நீங்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அவ கேட்டது இன்றைக்கும் கொடுக்கக்கூடியதாக இருந்தால், ஹயாத்தோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.