கூலியும் சம்பளமும்

தேவாரத்தில் விடியுமுன்பே ஜீப்புகளின் ஒலி எழும். ஏலக்காய் எடுக்கும் பெண்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியே இடுக்கித் தோட்டங்களுக்குச் செல்வர். மலைக்கு அப்பால் கூலி கூடுதல். அவர்களுள் ஒருவரின் மகன் என் மாணவன். 2012இல் தொடங்கப்பெற்ற போடி அரசு பொறியியல் கல்லூரியில் பயின்றவன். கோவையில் பெற்ற சம்பளத்தைப்போல் இருமடங்கை, ஐந்தாண்டு அனுபவத்திற்குப்பின் பெங்களூருவில் பெற்றான். (வீட்டு வாடகை அதில் பாதியை விழுங்கியது வேறு கதை.) விடுமுறையில் வந்து அவன் இதைச் சொன்னபோது நானும் அவ்வீட்டுத் திண்ணையில் இருந்தேன். அவன் தாய் கேட்டார்:

"ஊரு மாறுனா கூலி கூடும், அது எனக்கும் தெரியும்யா. அனுபவத்துக்குமா கொடுப்பாக? முப்பது வருஷமா காய் எடுக்கேன். பிஞ்சு எது, முத்துன காய் எதுன்னு கை வச்சாலே தெரியும். நேத்து வந்த பிள்ளைக்கும் எனக்கும் ஒரே கூலிதான்."

அவன் என்னைப் பார்த்தான். என்னிடமும் விடை இல்லை. மறுநாளும் அவர் ஜீப்பில் ஏறினார்.