மணி பார்க்கிறானா, காபி குடிக்கிறானா?

எல்.இ.டி. வாட்ச் ஒண்ணு சொந்தமா செஞ்சுக்கிட்டிருக்கேன்.
கையைத் திருப்பினா மணி தெரியணும். அவ்வளவுதான் ஆசை.

1972ல வந்த பல்சர் வாட்ச்ல பட்டனை அமுக்கினாத்தான் மணி தெரியும். 2,100 டாலர், 18 காரட் தங்கம். ஆனா மணி பார்க்க இன்னொரு கையும் வேணும்!
எப்பவும் எரிஞ்சா பேட்டரி தாங்காது. எல்லாம் அது படுத்துற பாடு.

இப்போ அசைவு சென்சார் இருக்கு. சில மைக்ரோ ஆம்பியர்லயே காவல் காக்கும். சிப் தூங்கும். கை அசைஞ்சா எழுப்பிவிடும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு.
பஸ் கம்பியைப் பிடிச்சா எரியுது.
டம்ளரைத் தூக்கினா எரியுது.
நான் குடிக்கிற காபிக்கு எந்த பேட்டரியும் கட்டுப்படியாகாது.

ஒளி சென்சார் வைக்கலாமா? சட்டைக்கை விலகினா வெளிச்சம் படும், உடனே எரியும்.
வருஷம் முழுக்க அரைக்கை சட்டை போடுற ஆளுக்கு எது விலகும்?
ராத்திரியில அதுவும் செல்லாது. அதை பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் வச்சுக்கிட்டேன்.

சில கேசியோ வாட்ச்ல கையை 40 டிகிரி போல நம்ம பக்கம் சாய்ச்சா லைட் எரியும். பைக் ஓட்டும்போது அதை அணைச்சு வைங்கன்னு அவங்க கையேடே சொல்லுது.

என் முடிவு: திருப்பினது மட்டும் போதாது. முகப்பு மேல பார்த்தபடி கால் விநாடி அசையாம நிக்கணும். அப்புறம்தான் எரியும்.
பஸ் கம்பி தப்பிச்சுது.

மிச்சம் தூக்கம்தான். படுத்துக்கிட்டு பார்த்தா முகப்பு மேல பார்க்காதே!
படுத்துக்கிட்டே மணி பார்க்கிறவங்க, கையை எந்தப் பக்கம் திருப்புவீங்க? கமெண்ட்ல சொல்லுங்களேன்.