கால்மாட்டுக் கயிறு

போன பங்குனியில் எங்கள் வாசல் வேப்பமரத்தடிக் கட்டிலின் கால் ஒன்று உட்கார்ந்துவிட்டது. முறிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் அதில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலைமாட்டு மூலை மெதுவாக நாலைந்து விரற்கடை இறங்கியது. எழுந்து குனிந்து பார்த்தால் காலின் அடிப்பகுதி ஊறிப்போய், கிள்ளினால் பொடிப்பொடியாக வந்தது. கயிறும் ஏற்கெனவே நடுவில் இரண்டு இடத்தில் அறுந்து தூளி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

மகன் போனில் சொன்னான்: “புதுசா இரும்புக் கட்டில் ஒண்ணு அனுப்பி வைக்கேன்ப்பா. அத விறகுக்குப் போட்டுருங்க.” என் முதுகை நினைத்து, அன்போடுதான் சொன்னான். எனக்கு இப்போது 72 வயது. கட்டில் என் அப்பா செய்வித்தது. அப்பாவின் ஞாபகத்துக்காக அதை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அதுவும் உண்டு, ஆனால் அது மட்டும் என்றால் ஒரு மூலையில் சாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

முப்பத்து நான்கு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். ஒரு பேரேடு நேர்ப்படவில்லை என்றால் பேரேட்டைக் கிழித்துப் போடமாட்டோம். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பிசகியது என்று தேடுவோம். அந்தப் பழக்கத்தில் கட்டிலையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நாலு சட்டமும் கல் மாதிரி இருந்தன. மூன்று கால்களில் பழுதில்லை. கெட்டது ஒரு காலின் கடைசி ஐந்து அங்குலமும் கயிறும்தான். ஐந்து அங்குலத்துக்காக ஆறடிக் கட்டிலை அடுப்பில் வைப்பது எனக்குத் தப்புக் கணக்காகப் பட்டது.

எங்கள் தெருக் கடைசியில் வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். கண்ணில் புரை; உளி பிடித்து ரொம்ப நாளாயிற்று. ஆனாலும் கூப்பிட்டதும் வந்தார். கட்டிலைக் கண்ணால் பார்க்கவில்லை, விரலால் தடவித்தான் பார்த்தார். தலைமாட்டில் சட்டமும் காலும் சேரும் இடத்தில் கை நின்றது.

“அண்ணாச்சி, இதுல ஆணி அடிச்சது யாரு?”

நான்தான். சுமார் முப்பது வருடத்துக்கு முன்னால், சட்டம் ஆடுகிறது என்று நாலு அங்குல இரும்பு ஆணி ஒன்றைச் சுத்தியால் இறக்கினேன். அன்றைக்கு ஆட்டம் நின்றது. மறு வருடம் ஆணியைச் சுற்றி மரம் வெடித்து, பழையபடி ஆடத் தொடங்கியது. அப்பா அப்போது இருந்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இந்தப் பங்குனியில் எனக்குத் தோன்றியது.

ஆசாரி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “நீங்களே செய்ங்க. நான் சொல்லுதேன்” என்றார். அவர் சொன்ன முதல் விஷயம் ஆணி ஏன் தோற்றது என்பதைத்தான். மரம் உயிர் போன பிறகும் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும். கத்திரி வெயிலில் ஈரத்தை விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் தெரியவே தெரியாது, அகலவாக்கில்தான் தெரியும். காலில் துளை, சட்டத்தின் முனையில் அந்தத் துளைக்குள் போகும் நாக்கு என்று பழைய ஆட்கள் செய்து வைத்தது இதற்காகத்தான். நாக்கு உள்ளே ஊதவும் சுருங்கவும் இடமிருக்கும், பிடியும் விடாது. இரும்பு ஆணிக்கு அந்த இணக்கம் கிடையாது. துருப்பிடித்துத் தானும் பருத்து, மரத்தையும் பிளக்கும். கோடையில் காய்ந்து சுருங்கியிருக்கும்போது பொருத்தி இறுக்கினால் மழைக்காலத்தில் ஊதி இன்னும் கவ்விக்கொள்ளும் என்றும், மழையில் ஊதியிருக்கும்போது பொருத்தினால் கோடையில் கழன்றுவிடும் என்றும் சொன்னார். இத்தனை வருடம் அதே கட்டிலில் படுத்து எழுந்தும் இது எனக்குத் தெரியாது.

ஆணியைப் பிடுங்கவே ஒரு காலை நேரம் போயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, குறடால் பிடித்து, மயிரிழை மயிரிழையாகத் திருகி எடுத்தேன். அது வெளியே வந்து விழுந்தபோது நெஞ்சில் ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது.

பிறகு கால். உளுத்த பகுதியை அறுத்தெடுத்து, மேலே நல்ல மரம் தெரிகிற வரைக்கும் போனோம். பழைய வண்டிச் சட்டத்தில் மிஞ்சிய பூவரசந்துண்டு ஒன்று தொழுவத்தில் கிடந்தது. காலில் பாதிக் கனம், துண்டில் பாதிக் கனம் என்று நாலு அங்குல நீளத்துக்கு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி உளியால் செதுக்க வேண்டும். சொல்ல எளிது. முதல் தடவை வைத்தபோது நடுவில் ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி. எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆசாரி அடுப்புக்கரியை ஒரு பக்கத்தில் பூசி அழுத்தச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் இடிக்கிற இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருந்தது. அதைச் சீவினேன். மறுபடி கரி, மறுபடி சீவல். ஒன்பதாவது தடவை இரண்டும் ஒட்டி உட்கார்ந்தன. விரலால் தடவினால் சேர்ந்த இடம் தட்டவில்லை. தண்ணீருக்குத் தாங்கும் பசை தடவி, குறுக்கே இரண்டு மூங்கில் ஆணி இறக்கி, சைக்கிள் டியூபால் இறுகச் சுற்றி ஒரு நாள் விட்டுவிட்டோம்.

அந்த ஒரு நாள் காத்திருந்தபோதுதான் இன்னொன்று தோன்றியது. நாலு காலில் இந்தக் கால் மட்டும் ஏன் உளுத்தது? மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை அரிக்கும் பூஞ்சை வளராது. ஆக, இந்தக் காலுக்கு எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மரத்தின் வெட்டுமுகம் ஒரு கட்டு உறிஞ்சுகுழல் மாதிரி. மேல்பரப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். காலின் அடி முழுக்க வெட்டுமுகம்தானே. பார்த்தால், கால் கழுவுகிற குழாயிலிருந்து ஓடுகிற தண்ணீர் அந்த மூலையில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. தினமும் அந்தத் தண்ணீரை ஓடவிட்டதும் நாங்கள்தான். கட்டிலை மூன்றடி தள்ளிப் போட்டு, நாலு காலுக்கும் அடியில் தட்டைக் கல் வைத்தேன். கால்களின் அடியில் ஆளிவிதை எண்ணெயை மரம் குடிக்கும் மட்டும் தடவினேன். (அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.) புதுக் கட்டில் வாங்கி அதே இடத்தில் போட்டிருந்தால், இரும்புக்கால் என்றாலும் துருவேறி நாலைந்து வருடத்தில் இதே கதைதான் ஆகியிருக்கும்.

இனிக் கயிறு. கடைக்காரர் நைலான் கயிற்றைத்தான் முதலில் எடுத்துப் போட்டார். வழவழப்பு, நாலைந்து நிறம், மழையில் மக்காது. ஆனால் வெயிலில் கிடக்கிற கட்டிலுக்கு அது ஆகாது. சூரியனின் புறஊதாக் கதிர் அதன் இழையை உள்ளேயே அறுக்கும். இரண்டு மூன்று கோடையில் தும்பு தும்பாக உதிரத் தொடங்கும். முடிச்சும் வழுக்கும். நான் தேங்காய்நார்க் கயிறு கேட்டேன். அந்த நாரில் லிக்னின் என்ற பொருள் 40 சதவீதத்துக்கும் மேலே இருக்கிறது. ஈரத்தில் அது எளிதில் மக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். எங்கள் பக்கம் பனைநார்க் கட்டிலும் உண்டு. பனைமட்டையிலிருந்து நார் கிழித்து, ஊறவைத்துப் பின்னுவார்கள். உடம்புக்கு அதைப்போலக் குளிர்ச்சி வேறில்லை. ஆனால் அந்தப் பின்னல் எனக்கு வராது. தெரிந்தவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள்.

பின்னத் தொடங்கும் முன்பு கால்மாட்டுச் சட்டத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே தடித்த கயிறு ஒன்றைக் குறுக்கே கட்ட வேண்டும். பின்னல் முழுவதும் தலைமாட்டிலிருந்து அந்தக் குறுக்குக் கயிறு வரைக்கும்தான். கயிற்றை லேசாக நனைத்துக்கொண்டால் தும்பு நிமிராது, கையும் அவ்வளவாகக் கிழியாது. இரண்டிரண்டு இழையாக, சட்டத்துக்குச் சட்டம் சாய்வாக ஓட்டி, ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று நுழைக்க வேண்டும். இரண்டாம் நாள் மதியம் எழுந்து நின்று பார்க்கும்போது நட்ட நடுவில் ஒரு இடத்தில் மேலே போக வேண்டியது கீழே போயிருந்தது. விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பேரன் “பரவால்ல தாத்தா” என்றான். பிரித்துவிட்டேன். அரை நாள் வேலை. மறுபடி அந்த இடம் வந்து ஒழுங்காகப் பின்னியபோது பேரனே கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொடுத்தான்.

பின்னல் முடிந்த பிறகு மிச்சமிருக்கிற அந்த ஒரு முழ இடைவெளிதான் கட்டிலின் உயிர். குறுக்குக் கயிற்றையும் கால்மாட்டுச் சட்டத்தையும் சேர்த்து ஒரே நீளக் கயிற்றால் வரிசையாகக் கோத்து இழுக்க வேண்டும். புதுக்கயிறு பத்து நாளில் தொய்யும். அப்போது பின்னலைத் தொட வேண்டியதில்லை. கால்மாட்டுக் கயிற்றை மட்டும் இறுக்கினால் போதும். அதையும் ஓரமாக ஒரே இழையைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுக்கக் கூடாது; அது ஒன்று மட்டும் விண்ணென்று நிற்கும், மற்றது தொங்கும், கடைசியில் அந்த ஒன்றுதான் அறும். முதல் இழையில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம் என்று ஒரு கோடி வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி நாலு பேர். அப்பா போன பிறகு எல்லாச் சுமையையும் பெரியண்ணன் ஒருவர்மேல் விட்டுவிட்டோம். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் முகம்தான் கண்முன் நின்றது. இறுக்கி முடித்த அன்றே அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தக் கட்டிலுக்கு மெத்தை வேண்டாம். 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து வந்த இபன் பதூதா, இந்தியக் கட்டில்களின் கனக்குறைவையும், விரிப்பு இல்லாமலே உடம்புக்கு இசைந்துகொடுக்கும் அவற்றின் பின்னலையும் வியந்து எழுதியிருக்கிறார். நாலு கால், நாலு சட்டம், நடுவில் பின்னல் என்று அவர் அன்றைக்குக் கண்ட அமைப்புதான் இன்றைக்கும்.

தன் கையால் செய்த பொருளுக்கு மனிதன் கூடுதல் மதிப்புத் தருகிறான் என்பதை மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சோன், டான் ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்து, 2012இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு ஒன்று. வேலையை முடிக்க முடியாமல் பாதியில் விட்டவர்களிடம் அந்தக் கூடுதல் மதிப்பு காணப்படவில்லை. இது என் அனுபவத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. கயிறு அறுந்த நிலையில் கிடந்த கட்டில் எனக்குச் சங்கடம் தந்தது. பாதி பின்னிய கட்டில் அதைவிடச் சங்கடம். இரண்டு இரவு தூக்கமே சரியில்லை. ஐந்தாம் நாள் மாலை கடைசி முடிச்சைப் போட்டு, மிச்சக் கயிற்றை அரிவாளால் நறுக்கிவிட்டு, கையால் நடுவில் ஒரு தட்டுத் தட்டினேன். மத்தளம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வருடக் கணக்கு முடிக்கிற இரவில் இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒரு பைசா பிசகாமல் நேர்ப்படும்போது வருகிற அந்த நிறைவு, வேலையிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அன்று எனக்குக் கிடைத்தது. உள்ளங்கையில் மூன்று கொப்புளம். அதைக் கழுவக்கூட மனசில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசாரிதான் முதலில் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். உட்கார்ந்தார். ஒட்டுப்போட்ட காலை விரலால் தடவி, சேர்ந்த இடத்தைத் தேடினார். “எந்தக் கால் அண்ணாச்சி?” என்று கேட்டார். எனக்கு அதற்குமேல் பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியும் என்று சொல்ல வரவில்லை. வயர் வேலையில் கை வைக்காதீர்கள். ஏணி ஏற வேண்டிய வேலையை என் வயதுக்காரர்கள் விட்டுவிடலாம். ஆனால் வாசலில் கிடக்கிற கட்டில், திண்ணையோர பெஞ்சு, மாமரத்தடி ஊஞ்சல் பலகை — இவை தரையில் உட்கார்ந்து, நம் வேகத்தில் செய்யக்கூடியவை. பக்கத்தில் எங்கேயாவது கை தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார். அவருக்கும் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மரம் காய்ந்திருக்கும்போதே செய்வது நல்லது. பரணிலோ தொழுவத்திலோ உடைந்தது என்று சாத்தி வைத்த ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்துப்போட்டு, திருப்பிவைத்து, எது எது கெடவில்லை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.