தாமதம் தந்த அதிகாரம்

தகவல் தொழில்நுட்பம் அமைப்புகளின் கட்டமைப்பை எப்படி மாற்றுகிறது என்று பேசுவோர் கொழும்பிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய நிறுவனங்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். எனக்குத் தெரிந்த உதாரணம் நாரந்தனையில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கம். பத்து வருடங்கள் அதன் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1990 இடப்பெயர்வில் தீவகத்தை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று சிதறிப்போனார்கள். எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளே அதிகம். 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் சங்கத்தை மீள ஆரம்பித்தபோது வெளியிலிருந்து பணம் வங்கிக்கு வரும். அதற்கான கடிதம் மூன்று வாரம் கழித்து வரும். எங்கள் பதில் போய்ச் சேர இன்னும் மூன்று வாரம். அந்த ஆறு வாரத்திற்குள் எதைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானித்தவர்கள் ஊரில் இருந்த ஒன்பது நிர்வாகசபை உறுப்பினர்கள். யாப்பு எங்களுக்குத் தந்த அதிகாரத்தைவிடத் தபால் தந்த அதிகாரம் பெரிது.

1958இல் ஹாவார்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் லெவிட், விஸ்லர் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். 'தகவல் தொழில்நுட்பம்' என்ற சொற்றொடரைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தது அக்கட்டுரைதான் என்பர். கணினி வந்தால் மேலிடத்தின் பிடி இறுகும், இடைநிலை நிர்வாகிகள் தேய்ந்துபோவார்கள் என்பது அவர்களின் எதிர்வுகூறல். எங்கள் சங்கத்தில் மேலிடம் என்று எதுவும் இருந்ததில்லை. 2015இல் வாட்சப் குழு தொடங்கிய பிறகு ஒன்று உண்டாயிற்று. இடைநிலை என்பது நாங்கள்தான் என்பதும் அப்போது விளங்கியது.

நன்மையே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2020 டிசம்பரில் புரேவிப் புயல் மழை வீடுகளுக்குள் புகுந்தபோது இரண்டே நாளில் பணம் வந்தது. கணக்கை ஒருவர் மட்டும் மடித்து வைத்துக்கொள்ளும் காலமும் போயிற்று. ஆனால் இன்று சீமெந்து மூட்டை இறங்கினால் படம் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் "என்ன நடக்குது அங்க?" என்று கேள்வி வரும். ரொறன்ரோவில் கோடைகால இரவு ஒன்பது மணி, எங்களுக்கு மறுநாள் காலை ஆறரை. அவர்கள் வேலை முடித்து ஆறுதலாக விவாதிக்கும் நேரத்தில் இங்கே பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்துகிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் பெருவிரல் அடையாளங்கள் குவிந்து, தீர்மானம் நிறைவேறிவிடும். முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

இப்போதைய பிரச்சினை கேணி. தீவில் மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. எங்கள் நன்னீர் அவ்வளவுதான். கேணி தூர்ந்தால் மழைநீர் நிலத்துக்குள் இறங்காமல் ஓடிவிடும். கோடையில் அயற்கிணறுகள் உவர்க்கும். தூர்வார வேண்டும் என்கிறது ஊர். வீதி முகப்பில் வளைவு கட்ட வேண்டும் என்கிறது குழு. வளைவு படத்தில் அழகாக விழும். தூர்வாரிய கேணி, படத்தில் வெறும் பள்ளம். தண்ணீர் அள்ளும் பெண்களில் குழுவில் இருப்பவர் இருவர் மட்டுமே. அவர்களும் அங்கே வாய் திறப்பதில்லை.

தூரம் மட்டும்தான் காரணம் என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எப்படி நிலைத்தது? நாடு கடந்து பிரிந்திருப்போரின் உழைப்பும் சேர்ந்துதான் ஈழத்து நூல்களும் இதழ்களும் அங்கே மின்வடிவில் சேர்கின்றன. அது விக்கி மென்பொருளில் இயங்குகிறது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் அப்படியே கிடக்கும். ஆட்சேபிக்க விரும்புகிறவன் ஆறு மாதம் கழித்து வந்தும் ஆட்சேபிக்கலாம். எங்கள் குழுவில் நேற்றைய ஆட்சேபணை இன்றைய பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடுகிறது.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு மாற்றம் செய்தோம். ஊரில் கூடிப் பேசி அறிக்கைக் கொப்பியில் எழுதி வாசித்துக் கையொப்பமிட்ட பிறகே பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடுவது. பதில் சொல்ல இரண்டு வாரம் தவணை. இரண்டு வாரமா என்று பாரிஸிலிருந்து ஒருவர் கோபித்துக்கொண்டார். தண்ணீர் அள்ளும் பெண்களில் பதினொரு பேர் அன்று கூட்டத்திற்கு வந்திருந்தார்கள். முதற் பக்கத்தில் கேணி இருக்கிறது. தவணை முடிய இன்னும் நான்கு நாள். மாரி தொடங்க இரண்டு மாதம்.