பழையசீவரம் நாட்குறிப்பு: உடற்பருமன் அறுவையும் அதற்கான பயணமும்

தை 2

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவை மருத்துவம், 1950களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு இணைக்கும் முறையாகத் தொடங்கி, 1960களில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வகுத்த இரைப்பை பைபாஸ் முறையால் வேரூன்றி, இன்று நுண்துளைக் கருவிகளைக் கொண்டு இரண்டொரு மணி நேரத்தில் முடிக்கப்படும் பணியாகச் சுருங்கியுள்ளது. இப்போது மிகுதியாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' எனப்படும் முறையாகும். இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பகுதி வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது சட்டைக் கையைப் போன்ற ஒடுங்கிய குழாயாக ஸ்டேப்ளரால் தைக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரைப் பெருமளவு சுரப்பது நீக்கப்படும் அந்தப் பகுதியே ஆதலால், உண்ணும் அளவோடு பசியும் குறைகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுவதால், உணவு குடலின் முதற்பகுதியைத் தொடாமலே செல்கிறது.

மாட்டுப் பொங்கலான இந்நாளில் காஞ்சி வரதராசப் பெருமாள் பாரிவேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருள, ஊரெங்கும் சர்க்கரைப் பொங்கல் வழங்கப்படுகிறது. பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் அதில் ஒரு தொன்னை அளவை விரைந்து உண்டால், செறிந்த சர்க்கரை ஒரேயடியாகச் சிறுகுடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். மருத்துவர்கள் இதனை 'டம்ப்பிங்' என்பர். அறுவை எந்த நாட்டில் நடந்திருந்தாலும், அதன் விளைவு வெளிப்படுவது உண்ணும் ஊரில்தான் என்பதைத் திருவிழா நாள் ஒன்றே காட்டிவிடுகிறது. இவ்வறுவையை வெளிநாட்டில் செய்துகொள்வதா உள்நாட்டிலா என்ற விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

தை 5

இவ்வறுவை யாருக்குரியது என்பதை வரையறுக்க உடல் நிறை குறியீட்டெண் பயன்படுகிறது. கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் இருபடியால் வகுத்துப் பெறும் எண் அது. 1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய ஆய்வரங்கு, 40க்கு மேற்பட்டோருக்கும், 35க்கு மேற்பட்டு நீரிழிவு போன்ற இணைநோய் உடையோருக்கும் அறுவை பொருந்தும் என்று வகுத்தது. தெற்காசியரின் உடலில் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு படிந்து நீரிழிவு தோன்றுவதால், ஆசியருக்கான வரம்பு 37.5 என்றும், இணைநோய் இருப்பின் 32.5 என்றும் பின்னர்த் தாழ்த்தப்பட்டது. 2022இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதல் 27.5ஐக் கடந்த ஆசியருக்கும் அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிமுறையோ இன்னும் 40, 35 என்ற பழைய வரம்புகளிலேயே நிற்கிறது. 35க்கு மேற்பட்டோரிடத்தும் கட்டுப்படாத நீரிழிவு, இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்றவை இருந்து, அறுவையல்லாத முறைகள் பயனளிக்காமற் போயிருக்க வேண்டும் என்கிறது. 160 செ.மீ. உயரமும் 96 கிலோ எடையும் உடைய பெண் ஒருவருக்குக் குறியீட்டெண் சரியாக 37.5; மருத்துவ நெறிப்படி அறுவைக்குத் தகுதியுடைய அவர், இணைநோய் இல்லாதபோது இந்த விதியின்படி காப்பீட்டுக்குத் தகுதியற்றவர். இந்த இடைவெளியில் நிற்போரே கைப்பணத்தைக் கொண்டு விலை மலிவான இடத்தைத் தேடத் தொடங்குகின்றனர் என்பதால், பயணத்தின் தோற்றுவாயை விளம்பரங்களில் மட்டும் தேடுவது போதாது.

தை 9

செல்வ நாடுகளிலிருந்து புறப்படுவோரின் தடங்கள் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டன. அமெரிக்கர் மெக்சிகோவின் எல்லை நகரான திஹுவானாவுக்கும், பிரித்தானியர் துருக்கிக்கும் செல்கின்றனர். அமெரிக்காவில் ஆகும் செலவும், பிரித்தானியாவின் அரசு மருத்துவத் துறையில் காத்திருக்க வேண்டிய காலமும் அவர்களை வெளியே தள்ளுகின்றன. 2019 சனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், திஹுவானாவில் அறுவை செய்துகொண்டு திரும்பியோரிடம் வலிமைமிக்க நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித்தொற்று காணப்படுவதாக எச்சரித்தது; அவர்களுட் பெரும்பாலோர் உடல் எடைக் குறைப்புக்காகச் சென்றவர்கள்.

இலண்டனிலும் டொரண்டோவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் தமிழருக்கு இத்தடம் தலைகீழாகிறது. அவர்கள் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வருவது, கடவுச்சீட்டின்படி வெளிநாட்டுப் பயணமாகவும் மனத்தின்படி வீடு திரும்புதலாகவும் ஒருங்கே அமைகிறது. பேசும் மொழி தமிழ், துணைக்கு இருக்க அத்தையோ சித்தியோ உண்டு, செலவு சில இலட்சம் ரூபாயில் முடியும். நுண்துளை அறுவையில் பேர்பெற்ற சி. பழனிவேலு 1990களிலிருந்து கோயம்புத்தூரில் வளர்த்தெடுத்த மரபும், சென்னைத் தனியார் மருத்துவமனைகளின் பழக்கமும் கைத்திறன் பற்றிய ஐயத்துக்கு இடந்தருவதில்லை. எனினும் மூன்று வார விடுப்பில் வந்து, தையல் ஆறியதும் விமானம் ஏறிவிடுகிறவருக்கு, வீடு திரும்புதல் என்ற அந்த உணர்வே கணக்கைத் தவறச் செய்கிறது.

தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது இவ்வறுவையின் அஞ்சத்தக்க சிக்கல். அது பெரும்பாலும் முதற்சில நாட்களிலும், சிலரிடம் வீடு சென்ற பின் சில வாரங்கள் கழித்தும் வெளிப்படுகிறது. கால் சிரைகளில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்கு ஏறுவது மற்றொன்று. பருமனான உடல், அண்மையில் நடந்த அறுவை, பத்து மணி நேரம் அசையாத விமான இருக்கை ஆகிய மூன்றும் கூடும்போது இந்த இடர் பெருகுகிறது. சென்னையில் அறுவை செய்துகொண்ட இலண்டன்வாசிக்குக் கசிவு இலண்டனில் தோன்றினால், அவரை ஏற்றுக்கொள்ளும் அவசரப் பிரிவு மருத்துவர் எந்த முறை செய்யப்பட்டது, எவ்வளவு குடல் ஒதுக்கப்பட்டது என்பதை அறியாத நிலையிலேயே வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவுக்கு வந்தோருள் உலகம் அறிந்தவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த இமான் அகமது. ஏறத்தாழ 500 கிலோ எடையுடையவர் எனச் சொல்லப்பட்ட அவர், அன்றைய வெளியுறவுத் துறை அமைச்சர் சுஷ்மா சுவராஜ் தலையிட்டதால் விசா பெற்று, 2017 பிப்ரவரியில் சரக்கு விமானத்தில் படுத்தபடியே மும்பை வந்தார். சைஃபி மருத்துவமனையில் முஃபசல் லக்டாவாலாவின் குழுவினர் மார்ச் 7 அன்று அறுவை செய்தனர். எடை எவ்வளவு குறைந்தது, உடல்நிலை எவ்வளவு தேறியது என்பவற்றில் அவருடைய சகோதரிக்கும் மருத்துவர்களுக்கும் கருத்து முரண்பாடு முற்றி அது செய்தியாக வெடித்தது. மே மாதம் அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 25 அன்று அங்கே காலமானார். பக்கவாதமும் வேறு நோய்களும் ஏற்கெனவே வாட்டிய அந்த உடலின் முடிவை எந்த ஒருவர் கணக்கிலும் எழுதுவது முறையாகாது. ஆயினும் ஒரே நோயாளியின் ஓராண்டு மூன்று நாடுகளில் சிதறியபோது, முழுப் பொறுப்பையும் தொடக்கம் முதல் முடிவுவரை ஏற்ற ஒரு மருத்துவர் இல்லாமற் போனார் என்பது மறுக்க இயலாதது.

தை 12

பழையசீவரத்துக்கு எதிரே பாலாற்றின் மறுகரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், வீரராசேந்திர சோழனின் ஆட்சியில், ஏறத்தாழ 1068ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட நெடுங்கல்வெட்டு, வேதம் பயில்வோருக்கான கல்விக்கூடத்தையும் விடுதியையும் குறிப்பதோடு, வீரசோழன் என்னும் பெயரில் 15 கட்டில்கள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றையும் குறிக்கிறது. ஆதுலர்சாலை என்பது நோயாளர் தங்கி மருத்துவம் பெறும் இடமாகும். இக்காலத்து வினாவுக்கு இக்கல்வெட்டில் விடை தேடுவது மிகையென்று தோன்றலாம். ஆனால் அதிலுள்ள சம்பளக் கணக்கு ஊன்றிப் படிக்கத்தக்கது. மருத்துவருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும், சல்லியக் கிரியை செய்பவருக்கு, அதாவது அறுவை மருத்துவருக்கு, 30 கலம் நெல்லும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவர்களோடு மருந்துக்கான மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்கும் தனித்தனியே படி எழுதப்பட்டுள்ளது.

அறுப்பவரைவிட நாள்தோறும் நோயாளியைப் பார்ப்பவருக்கு மும்மடங்கு தந்த அக்கணக்கை, இன்று வெளிநாட்டு அறுவைக்கு விற்கப்படும் 'பேக்கேஜ்' விலைப்பட்டியலோடு வைத்துப் பார்த்தால் ஒதுக்கீடு முற்றிலும் திரும்பியிருப்பது புலனாகும். விமான நிலையத்திலிருந்து அழைத்துவரும் கார், உடன் வருவோருக்கான விடுதி அறை, அறுவைக்கூடக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும்; அடுத்த ஆண்டு இரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்லப்போகிறவருக்கு அதில் ஒரு வரியும் இராது.

தை 13

உள்நாடு என்பதாலேயே அறுவை பாதுகாப்பானதாகிவிடாது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரிலுள்ள தனியார் மருத்துவமனையில் இவ்வறுவைக்காகச் சேர்க்கப்பட்டு உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தப்பட்டு, அம்மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. எனவே தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மயக்க மருந்து நிபுணர் பருமனான நோயாளிகளைக் கையாண்டு பழகியவரா, இரவில் சிக்கல் நேர்ந்தால் அதே கட்டடத்தில் தீர்க்க முடியுமா என்ற வினாக்கள் சென்னைக்கும் துருக்கிக்கும் பொதுவானவை.

தை 18

அறுவைக்குப் பின் பழையசீவரம் போன்ற சிற்றூரில் ஒருவர் எப்படி வாழ்வார் என்பது விரிவாகச் சிந்திக்கத்தக்கது. முதல் இரு வாரம் நீர்ம உணவு, பின்னர் மசித்தது, ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின்பே வழக்கமான சாப்பாடு. அதுவும் சில வாய்கள். சோறே பெரும்பங்கு வகிக்கும் இவ்வட்டாரத்தின் தட்டில் புரதம் குறைவு. சிறுத்துவிட்ட வயிற்றில் சோற்றை முதலில் நிரப்பினால் முட்டைக்கும் பருப்புக்கும் இடமிருக்காது. புரதம் குறைந்தால் தசை கரையும், முடி கொட்டும். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர் வாந்தியில் தயமின் என்னும் பி1 குறைந்துவிட்டால் நரம்பும் மூளையும் கெடும்.

நீரிழிவுக்கு மாத்திரை உண்போரிடம் வேறொரு சிக்கல் உண்டு. அறுவைக்குப் பின் சில நாட்களிலேயே, எடை குறைவதற்கு முன்பே, இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்குவதால் மருந்தளவு உடனடியாக மாற்றப்பட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் மாதந்தோறும் வீட்டுக்கே வந்து சேரும் மாத்திரை, அறுவை நடந்ததை அறியாத பழைய பதிவேட்டின்படி வருமாயின், நன்மைக்காக வந்ததே தாழ்சர்க்கரை மயக்கத்துக்குக் காரணமாகிவிடும். முழங்கால் வலிக்கென மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் வகை வலிநிவாரணி, பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடியது. கருவுறும் வயதுப் பெண்கள் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுவரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். இதனைக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நலம். திருமணமான மறுமாதமே 'விசேஷம் உண்டா' என்று கேட்கும் உறவினருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

இவற்றுள் எதற்கும் அறுவைக்கூடம் தேவையில்லை. பெயர் தெரிந்த ஒரு மருத்துவரும், ஒரு கோப்பும், எட்டக்கூடிய தொலைவும் போதும். பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டுதல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அறுவைக் குழுவினரின் கண்காணிப்பையும், அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதனையையும் வலியுறுத்துகிறது. சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இவ்வறுவை செய்யப்படுகிறது. திருமால்பூரிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர்வண்டியில் பழையசீவரத்தில் ஏறியவர், பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் அதன் வாயிலை அடையலாம்.

தை 20

எடைக்குறைப்பு ஊசி மருந்துகளான மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி சூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தபின், வார ஊசியே போதுமே என்ற எண்ணம் பரவியுள்ளது. அவை பசியை அடக்குவன. நிறுத்தியபின் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்புவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அறுவைக்குரிய நிலையில் உள்ளவர், இரண்டில் ஒன்றை மருத்துவரோடு கலந்து தேர்வதே முறை.

தை 21

வெளிநாட்டில் வாழும் தமிழர் தாம் வாழும் நாட்டிலேயே காத்திருந்தேனும் செய்துகொள்வதும், காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாழ்பவர் சென்னையைத் தாண்டாமல் இருப்பதும் தக்கவை என்பதே இக்குறிப்புகளிலிருந்து பெறப்படும் தீர்ப்பு. எடை மிகுந்து மூச்சுத் திணறும் ஒருவருக்கு ஈராண்டுக் காத்திருப்பும் தீங்கே என்பது இத்தீர்ப்புக்கு எதிரான வலிய வாதம். அந்நிலையில் பயணம் தவிர்க்க முடியாததாகலாம். அப்போதும் ஊர் திரும்பியபின் தம்மைக் கண்காணிக்க இசையும் மருத்துவரை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் பின்னரே விமானச்சீட்டு வாங்க வேண்டும். எந்த அறுவை, எவ்வளவு நீளக் குடல் ஒதுக்கப்பட்டது, எந்த மருந்துகள் கூடாது என்பவற்றை உள்ளூர் மருத்துவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதிய அறுவைக் குறிப்பை, மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே கேட்டு வாங்கிக் கொள்க.